மதகு மூடிய பிறகு எங்களை ஆற்றில் இறக்காதீர்கள்

போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

அடுத்த ராஃப்டிங் போட்டிக்கான விதிமுறைகளை அணிகளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நேரக்கணிப்பு, கருவிச் சோதனை, பதிவுக் கட்டணம் என்று போகும் பக்கங்களுக்கு நடுவே ஒரு வரி வருகிறது: பெண்கள் பிரிவின் டவுன்ரிவர் என்ற நெடுந்தூரப் பந்தயம் இனி மேல் பள்ளத்தாக்கில் தொடங்காது, பாதி வழியில் உள்ள பாலத்துக்குக் கீழே தொடங்கும். காரணம் என்று ஒரே சொல்தான் கொடுத்திருக்கிறீர்கள்: பாதுகாப்பு.

போன முறை நடந்த பந்தயத்தில் ஒரு பெண்கள் அணியின் பின்வரிசையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவள் நான். அன்று அந்த ஆற்றில் இருந்த யாரும் இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எங்களுக்கு வந்த ஆபத்துக்கும் பந்தயத்தின் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. அணையின் மதகு மூடிய பிறகு எங்களைக் கிளப்பிவிட்டீர்கள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்த ஆற்றில் நாங்கள் போட்டியிட்டோம். தவறு கால அட்டவணையில் இருந்தது. அதைத் திருத்தாமல் எங்கள் ஆற்றைப் பாதியாக வெட்டியிருக்கிறீர்கள்.

போட்டி முடிந்த கையோடு எங்கள் அணி எழுத்தில் கொடுத்த புகாருக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ராஃப்ட் என்ற காற்றடைத்த ரப்பர் படகில் ஏறியே பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பின் முறைப்படி ஓர் அணி நான்கு பந்தயங்களில் மோதுகிறது. குறுந்தூர வேகப் பந்தயமான ஸ்பிரிண்டுக்கு 100 புள்ளி. இரண்டு ராஃப்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிளம்பி மோதும் ஹெட் டு ஹெட்டுக்கு 200. ஆற்றின் மேல் தொங்கும் கம்பங்களுக்கு இடையே புகுந்து வரும் ஸ்லாலமுக்கு 300. டவுன்ரிவருக்கு 400. மொத்தம் 1,000 புள்ளியில் பெரிய பங்கு இந்த நெடும்பந்தயத்துக்குத்தான். அது சரியான ஏற்பாடும்கூட. மற்ற மூன்றும் ஓர் அணியின் வேகத்தையும் திறமையையும் சில நிமிடங்களுக்குச் சோதிக்கின்றன. டவுன்ரிவர் ஒரு மணி நேரத்தை நெருங்கும்வரை இழுத்துப் பார்க்கும். உடம்பு தளர்ந்த பிறகும் ஆற்றைச் சரியாகப் படிக்கத் தெரிகிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.

ஆறு பேர் கொண்ட அணியில் பக்கத்துக்கு மூவராக ராஃப்டின் ஓரக் குழாய்மேல் உட்கார்கிறோம். பாதத்தைத் தரைப் பட்டைக்குள் நுழைத்துக்கொண்டு, இடுப்பை வெளிப்பக்கம் வளைத்து, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே பக்கம் இழுக்க வேண்டும். பக்கம் மாறி ஓய்வெடுக்க வழியில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கத் துடுப்பை எடுத்தால் ஆறு பேரின் தாளமும் குலையும். ரேபிட் என்று நாங்கள் சொல்கிற, பாறைகளுக்கு இடையே ஆறு கொந்தளித்து இறங்கும் இடங்களில் அலை உள்ளே புகுந்தால், தரையோரத் துளைகள் வழியாக அது வடியும்வரை அந்த எடையையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. பாதி தூரத்துக்கு மேல் தோள் எரிச்சல்கூடத் தெரியாமல் போய்விடும். விரல்கள் துடுப்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே மரத்துவிடும். பேச மூச்சு இருக்காது. முன்னால் இருப்பவரின் துடுப்பு தண்ணீரைத் தொடும் கணத்தில் நம்முடையதும் தொட வேண்டும், அவ்வளவுதான் மனதில் நிற்கும். அந்த நிலையில்தான் அடுத்த ரேபிட் வரும். பாறைகளுக்கு நடுவே நாக்குப் போல வழுக்கி இறங்கும் நீரில் எதில் இறங்குவது, எந்தச் சுழலை உரசிக்கொண்டு போனால் இரண்டு வினாடி மிச்சமாகும், எந்தப் பாறையின் நிழலில் ராஃப்ட் நின்றுவிடும் என்பதையெல்லாம் அந்த மூச்சுத் திணறலுக்கு நடுவே முடிவு செய்ய வேண்டும்.

இதற்காகத்தான் நாங்கள் வருடம் முழுவதும் உழைக்கிறோம். வேலைக்குப் போவதற்கு முன் விடியலில் துடுப்புப் போடுகிறோம். நீண்ட தூரம் போய் நீண்ட தூரம் திரும்புகிறோம். ஆறு பேரின் இழுப்பும் ஒன்றாகும்வரை சலிக்காமல் அதையே செய்கிறோம். நீங்கள் வெட்டி எடுத்திருக்கும் மேல் பள்ளத்தாக்குதான் அந்த உழைப்பைச் சோதிக்கும் இடம். அங்கே ஒரு ரேபிட்டுக்கும் அடுத்த ரேபிட்டுக்கும் நடுவே மூச்சு வாங்கத் தேங்கிய நீர் கிடையாது. பாலத்துக்குக் கீழே ஆறு அகன்று தட்டையாகிவிடுகிறது. அங்கே கிளம்பி அங்கேயே முடியும் பந்தயத்தில் வலுவாகவும் வேகமாகவும் இழுக்கிற அணி ஜெயிக்கும். அதைப் பார்க்க ஏற்கெனவே ஸ்பிரிண்ட் இருக்கிறது. அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்டு, இம்முறை 400 புள்ளி கொடுக்கப் போகிறீர்கள்.

போன முறை நடந்ததை நேரடியாகவே சொல்கிறேன். உங்கள் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

அன்று காலை முதல் பந்தயம் தாமதமானது. நேரலைக் கேமராக்கள் தயாராகும்வரை முதல் பிரிவைக் கிளப்பவில்லை. ஆண்கள், இளையோர், மாஸ்டர்ஸ் என்ற மூத்தோர் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கடைசியில் பெண்கள். நாங்கள் கரையில் ஈரமான வெட்சூட்டோடு காத்துக்கிடந்தோம். அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் வெயில் காலத்திலும் சில்லென்றுதான் இருக்கும். உடம்பைச் சூடேற்றினோம், ஆறிப்போனது. மறுபடி சூடேற்றினோம், மறுபடி ஆறியது. எப்போது கிளம்புவோம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

எதிர்க்கரைப் பாறைகளில் ஈரக்கோடு தெரியத் தொடங்கியதை முதலில் கவனித்தது எங்கள் முன்வரிசைத் தோழி. ஆறு பழகியவர்களுக்கு அந்தக் கோடு போதும். தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். எங்கள் தலைவி தொடக்க அதிகாரியிடம் போய்க் கேட்டார். மதகு மூடப்பட்டுவிட்டது, ஆனாலும் போதுமான தண்ணீர் இருக்கிறது, கிளம்புங்கள் என்று பதில் வந்தது. எவ்வளவு இருந்தால் போதும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே யாரிடமும் அளவு இல்லை. தொடக்கக் கரையில் ஒரு நீர்மட்ட அளவுப் பலகைகூட இல்லை.

அணைத் தண்ணீரில் ஓடும் ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மதகு திறந்ததும் தண்ணீர் ஓர் அலையாகக் கிளம்பிக் கீழே போகிறது. முன்கூட்டிக் கிளம்பிய வேகமான ராஃப்ட் அந்த அலையின் முகப்பையே எட்டிப் பிடித்து, அதைத் தாண்டி வறண்ட ஆற்றில் மாட்டிக்கொள்வதும் உண்டு. மூடும்போது இதன் மறுபக்கம் நடக்கும். மட்டம் அணைக்கு அருகில் முதலில் இறங்கும். அந்த இறக்கம் நீரோட்டத்தைவிட வேகமாகக் கீழே பயணம் செய்யும். தாமதமாகக் கிளம்பும் ராஃப்டை அது பின்னாலிருந்து துரத்தி வந்து பிடிக்கும். முதல் தொகுதி மிதந்து போன இடத்தில் கடைசித் தொகுதி தரை தட்டும். எல்லா அணிகளும் ஒரே கோட்டிலிருந்துதான் கிளம்பினோம், ஒரே கோட்டில்தான் முடித்தோம். இடையில் ஓடியது மட்டும் ஒரே ஆறாக இல்லை.

பயிற்சி நாட்களில் மூன்றாவது ரேபிட்டின் இடது ஓரமாக ஒரு வழியைப் பார்த்து வைத்திருந்தோம். நிறைந்த தண்ணீரில் அங்குள்ள பாறை அடியில் மறைந்திருக்கும், ராஃப்ட் அதன் மேலேயே வழுக்கிப் போய்விடும். பந்தயத்தன்று அந்தப் பாறை வெளியே நின்றது. வளைவு தாண்டித்தான் கண்ணில் பட்டது. ராஃப்ட் பக்கவாட்டில் மோதியது, மேலாற்றுப் பக்கத்து ஓரம் தண்ணீருக்குள் இழுபட்டது. ஆறு பேரும் பாறைப் பக்கம் பாய்ந்தோம். ராஃப்ட் மடிந்து பாறையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. மெல்ல மெல்ல ராஃப்டைக் கழற்றிக் கொண்டுவந்தோம். அந்த நேரத்தில் எங்கள் பதக்கம் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை.

எங்களுக்குப் பின்னால் வந்த அணியில் ஒருவர் வெளியே விழுந்தார். ஓடும் தண்ணீரில் விழுந்தால் நிற்க முயலக் கூடாது, மல்லாந்து மிதந்து காலைக் கீழாற்றுப் பக்கம் உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. அவர் அப்படித்தான் மிதந்தார். ஆனால் அங்கே மிதக்கவே ஆழம் போதவில்லை. கால் இரண்டு கற்களுக்கு இடையே சிக்கியது. பின்னாலிருந்து தள்ளும் நீர் அவரை முன்னால் குனியவைத்தது. முகம் தண்ணீருக்குள் போனது. கயாக் என்ற சிறு படகில் இருந்த ஒரு மீட்பாளர் எதிர்நீரில் துடுப்புப் போட்டு வந்து அவர் தோளைத் தூக்கிப் பிடித்ததால் மூச்சு கிடைத்தது. அப்புறம் கயிறு போட்டுக் காலை விடுவித்தார்கள். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றிருக்க வேண்டிய மீட்பாளர்கள் ஏற்கெனவே கரையேறிப் பொருட்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தயம் முடிந்துவிட்டதாக அவர்களுக்குத் தகவல் போயிருந்தது. பெண்களின் கடைசித் தொகுதி இன்னும் ஆற்றில் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அவர் உயிரோடு இருக்கிறார். கணுக்கால் ஆறிவிட்டது. அதனால்தான் உங்கள் அறிக்கையில் இது 'சிறு சம்பவம்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தில் 'பெண்கள் அணிகள் மேல் பள்ளத்தாக்கில் சிரமப்பட்டன' என்று எழுதியிருக்கிறீர்கள். மதகு எப்போது மூடியது, எந்தத் தொகுதி எப்போது கிளம்பியது என்ற விவரம் அறிக்கையில் எங்குமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தை எழுதவே கை வந்திருக்காது.

தண்ணீர் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று கரையில் நிற்பவர்கள் நினைப்பது இயல்பு. போட்டியை நடத்துபவர்கள் அப்படி நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரேபிட்டுகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் இருக்கிறது. அந்தத் தரமே நீர்மட்டத்தோடு சேர்ந்து மாறும் என்பது ஒவ்வொரு வழிகாட்டிக்கும் தெரியும். மட்டம் ஏறினால் சில ரேபிட்டுகள் கடினமாகும், சில அமுங்கிப் போகும். மட்டம் இறங்கினால் அலைகள் சிறுக்கும், பாறைகள் பெருகும். ராஃப்ட் சிக்குவதும் கால் சிக்குவதும் ஆழமில்லாத, ஆனால் வேகம் குறையாத நீரில்தான் அதிகம் நடக்கின்றன. ஆகவே அன்று பெண்களுக்குக் கிடைத்தது எளிதான ஆறு என்று யாராவது சொன்னால் அதை மறுக்கிறேன். ஆண்களுக்குக் கிடைத்ததைவிடக் கரடுமுரடான ஆறு எங்களுக்குக் கிடைத்தது. அதுவும் ராஃப்டைத் தள்ளிவிடப் போதிய நீரோட்டம் இல்லாமல். ஒவ்வொரு மீட்டரையும் கையாலேயே இழுத்து வந்தோம்.

வாய்க்காலில் கடைமடை வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் வந்து சேரும். மேல்மடையில் பாய்ச்சி முடித்த மிச்சம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அன்று பெண்கள் அணிகள் எல்லாம் கடைமடையில் நின்றிருந்தோம். கடைமடை காய்ந்துபோனால் 'நீ பாதி வயலை மட்டும் உழுதுகொள்' என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள்.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டதும் நாங்கள் வாயடைத்துப் போவோம் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எங்கள் பிரிவில் போட்டியிடுகிற பெண்களில் பலருக்கு ராஃப்ட் வழிகாட்டி வேலைதான் பிழைப்பு. பருவம் தொடங்கினால், முன்பின் துடுப்புப் பிடிக்காத பயணிகளை ஏற்றிக்கொண்டு இதுபோன்ற பள்ளத்தாக்குகளில் அவர்கள் தினமும் இறங்குகிறார்கள். பயந்துபோன பயணிகளின் உயிருக்கும் சேர்த்து அவர்கள் பொறுப்பேற்கலாமாம். பயிற்சி பெற்ற தங்கள் அணியோடு பந்தயத்தில் இறங்கத்தான் கூடாதாம். மேல் பள்ளத்தாக்கு உண்மையிலேயே பந்தயத்துக்குத் தகுதியில்லாத இடம் என்றால் எல்லாப் பிரிவுகளுக்கும் மூடுங்கள், நாங்கள் மறுபேச்சுப் பேச மாட்டோம். ஆண்களுக்குத் திறந்துவைத்துப் பெண்களுக்கு மட்டும் மூடினால் அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

இந்தக் கதை விளையாட்டுக்குப் புதிதுமல்ல. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் அவர்கள் சுருண்டு விழுந்ததாகச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கி எழுதின. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மூச்சு வாங்கத் தரையில் உட்காருவது ஆண்களும் செய்வதுதான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பந்தயமே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வர 1960 ஆனது. துடுப்புப் படகுப் போட்டியில் பெண்கள் 1976இல் ஒலிம்பிக்குக்குள் வந்தபோது ஆண்களுக்கு 2,000 மீட்டர், அவர்களுக்கு 1,000. சமமாகியது 1988இல். நீச்சலில் ஆண்கள் 1908 முதல் 1,500 மீட்டர் நீந்துகிறார்கள். பெண்களுக்கு அந்தப் பந்தயம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வந்தது. பனிச்சறுக்கில் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 2022-23 பருவத்திலிருந்து உலகக் கோப்பையில் இருபாலருக்கும் ஒரே தூரம். ஒவ்வொரு முறையும் முதலில் வந்த தடை 'அவர்கள் நன்மைக்காகத்தான்' என்றே வந்தது. ஒவ்வொரு முறையும் தூரம் கொடுக்கப்பட்ட பிறகு பெண்கள் அதை ஓடி, நீந்தி, இழுத்துக் காட்டினார்கள். மற்ற விளையாட்டுகள் பாதித் தூரத்திலிருந்து முழுத் தூரத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் கையில் இருந்த முழுத் தூரத்தைப் பாதியாக்கி எதிர்த்திசையில் போகிறீர்கள்.

அதிலும் நம் விளையாட்டின் தொடக்கத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. 1989இல் பனிப்போரின் கடைசிக் காலத்தில் சைபீரியாவின் சூயா ஆற்றில் சோவியத் அணிகளும் அமெரிக்க அணிகளும் மற்ற நாட்டினரும் கூடித் துடுப்புப் போட்டார்கள். எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள் ஒரே தண்ணீரில் இறங்கியதுதான் அந்தக் கூடலின் பெருமை. சர்வதேசப் போட்டிகள் அங்கிருந்துதான் வளர்ந்தன. அந்த வழியில் வந்த ஒரு போட்டியில் ஒரே நாளில், ஒரே ஆற்றில், பாதிப் பேருக்கு ஒரு தண்ணீர், மீதிப் பேருக்கு வேறு தண்ணீர் என்பது பொருந்தவில்லை.

தண்ணீர் உங்கள் கையில் இல்லை, அணையின் மின்நிலையம் கொடுக்கும் நேரம்தான் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அணை நீரில் போட்டி நடத்தும் எல்லோருக்கும் அதுதான் நிலை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் கயாக், கனூ படகு ஸ்லாலம் போட்டிகள் நடந்த ஒகோயீ ஆறு முழுக்க முழுக்க அணைக் கட்டுப்பாட்டில் ஓடுவது. 2019இல் உலக ராஃப்டிங் சாம்பியன்ஷிப் நடந்த ஆஸ்திரேலியாவின் டல்லி ஆறும் கரீயா நீர்மின் நிலையம் விடும் தண்ணீரை நம்பியே இருக்கிறது. அமெரிக்காவின் கௌலி ஆற்றில் இலையுதிர் காலத்தில் சம்மர்ஸ்வில் அணையிலிருந்து வினாடிக்கு 2,800 கன அடி அளவில் தண்ணீர் விடுவார்கள். எந்தெந்த நாளில் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் துடுப்பாளர்கள் அதைப் பார்த்துத்தான் பயணத்தையே திட்டமிடுகிறார்கள். தண்ணீருக்கு ஏற்றபடி அட்டவணை போடுவது இந்த உலகத்தில் தினசரி வேலை. நீங்களும் போட்டிருந்தீர்கள், முதல் பிரிவுகளுக்கு. தாமதமானபோது அந்த நட்டம் முழுவதையும் கடைசிப் பிரிவின் தலையில் கட்டினீர்கள். நேரலை எங்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் கேமரா தயாராகவில்லை என்றால் கேமரா இல்லாமல் கிளம்பலாம். தண்ணீர் இல்லாமல் கிளம்ப முடியாது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

பெண்கள் பிரிவின் டவுன்ரிவர் தூரத்தைக் குறைக்கும் விதியைத் திரும்பப் பெறுங்கள். தொடக்கம் மேல் பள்ளத்தாக்கிலேயே, ஆண்கள் கிளம்பும் அதே கோட்டிலேயே இருக்கட்டும். இது முதல் கோரிக்கை, இதில் நாங்கள் இறங்கி வருவதற்கு இடமில்லை.

கிடைக்கும் தண்ணீர் ஒரே நாளுக்கு எல்லாப் பிரிவுகளுக்கும் போதாது என்றால் டவுன்ரிவரை இரண்டு நாளாகப் பிரியுங்கள், ஒருநாள் ஆண்கள், ஒருநாள் பெண்கள். அதுவும் முடியாது என்றால் முறை மாற்றுங்கள்: ஒரு போட்டியில் பெண்கள் பிரிவு முதலில் கிளம்பட்டும், அடுத்த போட்டியில் ஆண்கள். கடைசியில் கிளம்புவது நிரந்தரமாக ஒரே பிரிவின் பங்காக இருக்கக் கூடாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசித் தொகுதி முடிவுக்கோட்டைத் தொடும்வரைக்கும் தண்ணீர் குறையாதபடி மதகு மூடும் நேரத்தை மின்நிலையத்தோடு எழுத்தில் ஒப்பந்தமாக்கி, அதை அணித் தலைவர்களுக்குக் காட்டுங்கள்.

தொடக்கக் கரையிலும் பாதி வழியிலும் நீர்மட்ட அளவுப் பலகை வையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. குறைந்தபட்ச மட்டம் எது என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவியுங்கள். மட்டம் அதற்குக் கீழே போனால் அடுத்த தொகுதியை அனுப்பக் கூடாது என்பது விதியாகட்டும். அதை நிறுத்தும் அதிகாரம் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு இருக்க வேண்டும், ஒளிபரப்பு அட்டவணை அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. அணித் தலைவர்களும் பலகையைக் காட்டி நிறுத்தக் கேட்கலாம் என்று எழுதிவையுங்கள். பாதியில் நின்ற பந்தயம் தண்ணீர் திரும்பிய பிறகு மறுபடி நடக்கட்டும். இல்லையென்றால் அந்தப் பிரிவுக்கு டவுன்ரிவர் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் ராஃப்டுக்கு எத்தனை மீட்புக் கயாக்குகளும் கரையோரக் கயிறாளர்களும் இருந்தார்களோ அத்தனை பேரும் கடைசி ராஃப்டுக்கும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். கடைசி ராஃப்ட் தங்களைத் தாண்டியதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கரையேறக் கூடாது. வாக்கி-டாக்கியில் வரும் தகவல் மட்டும் போதாது என்பது போன முறையே தெரிந்துவிட்டது.

போன முறை பந்தயத்தின் மதகு நேரங்களையும் ஒவ்வொரு தொகுதி கிளம்பிய நேரத்தையும் வெளியிடுங்கள். பதக்கங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயித்த அணிகள் தங்களுக்குக் கிடைத்த ஆற்றில் நன்றாகவே ஓடின. ஆனால் முடிவுப் பட்டியலில், பெண்கள் பிரிவின் கடைசித் தொகுதி வடிந்துகொண்டிருந்த நீரில் போட்டியிட்டது என்ற குறிப்பு சேர வேண்டும். 'பெண்கள் அணிகள் சிரமப்பட்டன' என்ற வாக்கியம் அறிக்கையிலிருந்து நீங்க வேண்டும். கால் சிக்கியவரிடம் நேரில் பேசி, அவர் சொல்வதை அறிக்கையோடு இணையுங்கள்.

தொழில்நுட்பக் குழுவில் இப்போது போட்டியிடும் பெண் துடுப்பாளர்கள் இருவருக்காவது வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். எங்கள் ஆற்றின் நீளத்தை முடிவு செய்த கூட்டத்தில் எங்களில் ஒருவர்கூட இல்லை.

அணிப் பதிவு தொடங்குவதற்கு முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எங்கள் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். முழுத் தூரம் திரும்பி வந்தது என்று அறிவிப்பு வரும்வரை அதை அனுப்பப் போவதில்லை. எங்களோடு சேர்ந்து இதே முடிவை எடுத்திருக்கும் மற்றப் பெண்கள் அணிகள் தங்கள் கடிதங்களைத் தனித்தனியாக உங்களுக்கு அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
பெண்கள் பிரிவில் போட்டியிட்ட ஒரு துடுப்பாளர்